லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுவது எப்படி?

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்ததும் கண்ணாடியைத் தேடாதீர்கள். கண்ணாடி இல்லாமலே தெரிகிற தடித்த எழுத்து போதும். எஃப்.எஸ்.ஹெச். 78 என்று போட்டு, பக்கத்தில் ‘ஹெச்’ என்று ஒரு கொம்பு முளைத்திருக்கிறதா? பிரமாதம், அழ ஆரம்பிக்கலாம். கீழே பொடி எழுத்தில் ‘மாதவிடாய் நின்றவர்களுக்கு 25.8 – 134.8’ என்று இருக்கும். அதைப் படித்தால் அழுகை நின்றுவிடும், கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். கொம்பு வைத்த கம்ப்யூட்டர் உங்களுக்கு இன்னும் முப்பது வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கோபிக்காதீர்கள், வேறு யார் அப்படி நினைக்கிறார்கள்?

சினைப்பை ஓய்ந்துவிட்டது மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரிக்குப் புரிவதில்லை. ரிடையரானவரை ஆபீசிலிருந்து விடாமல் போனில் கூப்பிடுவதுபோல சினைப்பையைத் தட்டி எழுப்பும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். 78 என்பது அந்த மிஸ்டு கால் கணக்கு.

அடுத்து, கனடாவிலிருக்கும் நாத்தனாரோடு ஒப்பிடுங்கள். சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடயால் ஹார்மோன் உங்களுக்கு 15, அவருக்கு 55. அவர் சாப்பிடும் பாதாம்தான் காரணம் என்று முடிவுகட்டுங்கள். இங்கே பிகோகிராம், அங்கே பிகோமோல், 15-ஐ 3.67-ஆல் பெருக்கினால் அதே 55 என்று சொல்ல வரும் மகனை அடக்கிவையுங்கள்.

முடி கொட்டுகிறதே என்று விழுங்கும் பயோட்டின் மாத்திரையை டெஸ்ட் அன்று காலையிலும் மறக்காமல் போடுங்கள். சில கருவிகளில் அது எஃப்.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் எஸ்ட்ரடயாலை ஏற்றியும் காட்டும். செலவில்லாமல் இளமை!

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் போக வேண்டியது லேபுக்கு இல்லை, டாக்டரிடம்.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குப் பதற இன்னும் வசதி உண்டு. எனக்குக் கட்டிக்காக 41 வயதில் எடுத்தார்கள். அன்றிலிருந்து ‘எல்லாம் எடுத்தாச்சு’ என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். ஐந்து வருடம் கழித்துப் பார்த்த ரிப்போர்ட்டில் எஃப்.எஸ்.ஹெச். வெறும் 7. நின்றுபோனவளுக்கு இவ்வளவு கம்மியா என்று டாக்டரிடம் ஓடினேன்.

“சினைப்பையை எடுத்தாங்களா, விட்டாங்களாம்மா?”

பத்து மாதம் சுமந்து இரண்டு பெற்றவள், விழித்தேன். கர்ப்பப்பை போனால் ரத்தப்போக்குதான் நிற்கும். சினைப்பை இருந்தால் அது பாட்டுக்கு வேலை பார்க்குமாம். அதையும் எடுத்திருந்தால்தான் ஒரு சில நாளிலேயே ஹார்மோன் சரியுமாம்.

“எல்லாத்தையும் எடுத்துட்டாங்க டாக்டர், ஸ்டீல் கிண்ணத்துல கொண்டுவந்து காட்டினாங்களே” என்றார் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து பீரோவைக் கவிழ்த்ததில், பட்டுப்புடவைக்கு அடியில் பழைய கேஸ் புத்தகத்துக்குள் டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தது. இரண்டு சினைப்பைகளும் விடப்பட்டன என்று ஒரே வரி. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார்.

“நான் எங்கே எண்ணிப் பார்த்தேன்? கிண்ணத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கிட்டேன்.”