உபயம்

காணிக்கையில் பெயர் பொறிப்பதைக் குறை சொல்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். திருச்சிக் கோட்டைக்குள் 1766-இல் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பிய சுவார்ட்ஸ் ஐயர், படைவீரர்களின் போதகராகப் பெற்ற சம்பளத்திலிருந்தும் சபைக்குக் கொடுத்தார். பாவம், மின்விசிறி இல்லாத காலம். இறக்கையில் பெயர் எழுத வழியில்லை. ஆலயத்துக்குக் கொடுக்கும் டியூப் லைட்டிலும் பெயர் எழுதும் முசிறிப் பக்கத்துத் தாராளப் பிரபுவுக்கு இன்று அந்தக் குறையில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதே என்பார்கள். தெரியாதுதான், வேதம் தடுத்தது இடது கையை மட்டுமே, டியூப் லைட்டை அல்ல. பெயர் பெரிதானால் வெளிச்சம் குறையுமே என்பதும் வீண்வாதம்: நன்றி சொல்லப் பெயர் தெரிந்தால் போதும், பாட்டுப் புத்தகம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இயேசு மெச்சியது இரண்டு காசு போட்ட ஏழை விதவையை. அவள் பெயர் சுவிசேஷத்திலேயே இல்லை. ஆகவே அன்பர்களே, பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். இனிஷியல் விட்டுப்போனால் ஆண்டவருக்கும் குழப்பம்.