பாமினியில் வந்த நோட்ஸ்

எண்பதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் பெட்ச்சில் பார்வையற்ற நண்பர் ஒருவர் படித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கான உரிமைச் சட்டம் எதுவும் அன்று நாட்டில் இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு பிரெயில் பலகை, ஒரு குத்தூசி, தடித்த தாள் கட்டு ஒன்று. மிச்சத்துக்கு நாங்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்களில் ஒருவர் வாசிப்போம், அவர் குத்துவார். வலமிருந்து இடமாகக் குத்திப்போய், தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார். “மச்சான், ஓடாத. கால்புள்ளி எங்க வருதெண்டும் சொல்லு” என்பார். எங்களுக்கும் அப்படித்தான் பாடம் பதிந்தது. பரீட்சைக் காலத்தில் அவருக்கு வாசிக்க ஆட்கள் போட்டி போட்டது உண்மை. ஆனால் எல்லோரும் தம் படிப்பில் மூழ்கிய இரவுகளில் அவர் ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்ததும் உண்மை.

1952இல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பல்கலைக்கழகம் அது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் திட்டமிட, ஷேர்லி டி அல்விஸ் கட்டட வடிவம் கொடுத்தார். பின்னால் ஹந்தானை மலை, முன்னால் மகாவலி ஆறு. மலைச்சரிவை வெட்டிச் சிதைக்காமல் அதன் போக்கிலேயே கட்டினார்கள். அந்த அழகை இன்றும் மெச்சுகிறேன். ஆனால் ஏறி இறங்கக் கால் உள்ளவருக்குத்தான் அந்த அழகு முழுதாகக் கிடைக்கும். ஐம்பதுகளில் கட்டடக் கலைஞர்கள் பெரும்பாலும் சக்கர நாற்காலியை நினைத்துக் கோடு போடவில்லை.

பிறகு சட்டம் வந்தது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி மறுப்பதைத் தடுத்தது. 2006இல் வர்த்தமானியில் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களைத் திருத்திக்கொள்ள மூன்று ஆண்டு தந்தன. 2009இல் கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் அவருடைய கார் மேல் மரம் விழுந்து கால்கள் செயலிழந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் விதிகளுக்கு அமைய வேண்டும், மீறினால் தண்டனை என்று 2011இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை, இயலாமையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏதோ ஓர் இயலாமையோடு வாழ்பவர்கள் சுமார் 16 இலட்சம் பேர்.

என் தங்கையின் மகனுக்குப் பார்வை மிகக் குறைவு. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பிரெயில் பலகை அவனுக்கு வேண்டியதில்லை. கைப்பேசியே தமிழை வாசித்துச் சொல்கிறது. நாங்கள் நாலு பேர் மாறி மாறி வாசித்ததை அது அலுக்காமல் வாசிக்கும். முதல் தவணையில் விரிவுரைக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வந்தன. எல்லாம் பாமினி எழுத்துருவில். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். கண்ணுக்குத் தமிழ், கருவிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். பக்கம் பக்கமாக அந்தக் குவியலை அவன் கைப்பேசி வாசித்ததை நானே கேட்டேன். வேறு சில குறிப்புகள் போட்டோகொப்பியைப் படம் பிடித்தவை. அவற்றில் கருவிக்கு வாசிக்க எதுவுமே இல்லை.

அவனோடு படிக்கும் மாத்தளைப் பையன் சக்கர நாற்காலியில் வருகிறான். வாசலில் சரிவுப்பாதை இருக்கிறது, ஒழுங்காகவும் இருக்கிறது. விரிவுரை இரண்டாம் மாடியில். நண்பர்கள் நாற்காலியோடு தூக்கிப்போகிறார்கள். “தூக்கிட்டுப் போறது அவங்க நல்ல மனசு, அங்கிள். ஆனா டொய்லட் போகணும்னாலும் அவங்களத்தான் கேக்கணும்” என்றான். அதனால் விரிவுரை நாட்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பத்தொன்பது வயதில் தாகத்தை அடக்கிக்கொண்டு ஒருவன் பட்டம் படிக்க வேண்டியிருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. அன்று சட்டம் இல்லை, நண்பர்கள் சுமந்தார்கள். இன்று சட்டம் இருக்கிறது, இன்றும் அவர்களே சுமக்கிறார்கள்.

மின்தூக்கிக்குப் பணம் இல்லை என்றால் அந்தக் கஷ்டம் புரிகிறது. நாட்டின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றப் பணம் தேவையில்லை. பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இணையத்தில் கிடக்கின்றன, வேலை சில நிமிடம். அனுமதிக் கடிதத்தோடு “உங்களுக்கு என்ன வசதி தேவை?” என்று கேட்கும் ஒரு படிவமும் வரட்டும். அது நேரசூசி போடுபவர் மேசைக்கு, நேரசூசி போடுவதற்கு முன் போய்ச் சேரட்டும். மருமகன் கேட்டதும் இளம் விரிவுரையாளர் ஒருவர் அன்றிரவே தன் குறிப்புகள் முழுவதையும் மாற்றி அனுப்பினார். அவனுக்கு இன்னும் நான்கு பாடங்கள் இருக்கின்றன.