எந்தக் குவளை முதலில்? தே தாரிக் வழியாக அசெம்ப்ளி இலக்கணம்: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சாப்பாட்டுக் கடை. மாதிரி அளவு: இரண்டு குவளை, தே போடும் ஓர் அண்ணன். வலக்கைத் தேயை இடக்கைக் குவளைக்கு அவர் இழுக்கும்போது, அதை அசெம்ப்ளிக் கட்டளையாக எழுத நேர்ந்தால் எந்தக் குவளையை முதலில் எழுதுவது?

சில்லுலகம் இந்த வழக்கில் இரண்டுபட்டுக் கிடக்கிறது. இன்டெல் மரபில் 'மூவ் ஈஏஎக்ஸ், 5': சேருமிடம் முன்னால். பெல் ஆய்வகத்து யூனிக்ஸ் வழிவந்த ஏடி அண்ட் டி மரபில் 'மூவ்எல் $5, %ஈஏஎக்ஸ்': சரக்கு முன்னால், எண்ணுக்கு டாலர், ரெஜிஸ்டருக்குச் சதவீதக் குறி, வினையின் வாலில் அளவெழுத்து. ஜிசிசி கம்பைலர் கேட்காமலே தருவது இரண்டாவதை. மற்றது வேண்டுமானால் '-எம்ஏஎஸ்எம்=இன்டெல்' என்று வாய்திறந்து கேட்க வேண்டும். தே ஓ கோசோங் மாதிரிதான். 'கோசோங்' என்று சொல்லாவிட்டால் சீனியோடு வரும்.

(ஈஏஎக்ஸைக் கொண்டுவந்த இன்டெல் 386 சில்லு வெளியானது 1985-ல். பினாங்குப் பாலம் திறந்ததும் அதே ஆண்டு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆய்வுக் கட்டுரைக்கு இப்படி ஒன்று தேவை.)

என் கருதுகோள்: தமிழ் நாக்கு ஏடி அண்ட் டி கட்சி. 'சப்எல் %ஈஏஎக்ஸ், %ஈபிஎக்ஸ்' என்றால் ஈஏஎக்ஸை ஈபிஎக்ஸிலிருந்து கழி; அப்படியே நம் பேச்சு. 'சிஎம்பிஎல் $5, %ஈஏஎக்ஸ்', அடுத்த வரியில் 'ஜேஜி': ஈஏஎக்ஸ் பெரிதானால் தாவும். ஆங்கிலக்காரருக்கு இது தலைகீழ். நமக்கோ '5-ஐவிட ஈஏஎக்ஸ் பெரிசா? தாவு'. இதில் திகைக்க என்ன இருக்கிறது? வினையை மட்டும் கடைசிக்குத் தள்ளியிருந்தால் முழுத் தமிழாகியிருக்கும்.

முகவரி விஷயத்தில் என் கட்சி தோற்கிறது. '[ஆர்பிபி-8]' என்பது பார்த்ததும் புரிகிறது. '-8(%ஆர்பிபி)' எந்த மொழியிலும் இல்லை. சி நிரலுக்குள் அசெம்ப்ளி செருகும்போது கூத்து முற்றும்: கட்டளையில் சரக்கு முன்னால், அதற்குக் கீழே எழுதும் பட்டியலிலோ விளைவு முன்னால். ரெஜிஸ்டர் பெயருக்குச் சதவீதக் குறியும் இரண்டு வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

களத்தில் கண்ட குறை ஒன்று. 'மூவ்' பேருக்குத்தான் நகர்த்துகிறது. உண்மையில் நகலெடுக்கிறது, மூலம் மூலத்திலேயே இருக்கும். அண்ணனின் வலக்குவளையோ காலி.

இன்டெல் 1972 முதல் பினாங்கில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. என் மச்சான் தினமும் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் ஓர் ஆலைக்குப் போகிறவர். ஆய்வைச் சொன்னேன்.

"அசெம்ப்ளியா? அதத்தானே மச்சான் இருபது வருசமா நான் செய்றேன்!" என்றவர் கடைப் பக்கம் திரும்பி, "அண்ணே, தே தாரிக் ஒண்ணு, புங்குஸ்" என்று பையில் பார்சல் கேட்டார்.

சரக்கு முன்னால், பை பின்னால். குறித்துக்கொண்டேன்.