ஊட்டிக்குப் போகிறீர்களா, என்னைக் கேளுங்கள்

ஊட்டிக்குப் போய்வர யோசனை சொல்லத் திருப்பூரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. என் யோசனையை என் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அதனால் அத்தனையும் பிரிக்காத பண்டலாக அப்படியே கையிருப்பில் இருக்கிறது.

வெயிலுக்குப் பயந்து மலையேறும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் நம்ம கலெக்டர்தான். ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல்தான், அதனால் அவரை நம்மவர் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. 1819இல் மலையேறிப் பார்த்தார். 1822இல் அங்கேயே கல் பங்களா கட்ட ஆரம்பித்தார், அப்புறம் ஏரியும் வெட்டினார். அவருக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடுகிற தொல்லை இல்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விடும் மே மாதம், இல்லையென்றால் போனஸ் போட்டுக் கம்பெனியை மூடும் தீபாவளி. மே மாதம் போனால் கூட்டம். தீபாவளிக்குப் போனால் வடகிழக்குப் பருவமழை. தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் நிற்பதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான்.

முதலில் வண்டிக்கு இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று கணக்கும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போனால் பாஸ் தேவையில்லை, நீலகிரிப் பதிவெண் வண்டிக்கும் தேவையில்லை. எங்கள் வீட்டில் பாஸ் எடுப்பது என் பொறுப்பு. வண்டி மச்சானுடையது. ஓடிபி வருவது சம்சாரத்தின் போனுக்கு. எத்தனை பேர், எந்த நாள், எங்கே தங்கல் என்பதெல்லாம் மாமியார் சொல்லித் தெரிய வேண்டியது. மிச்சமிருக்கிற பொறுப்பு முழுக்க என்னுடையது.

அடுத்தது பிளாஸ்டிக் தடை. இதில்தான் திருப்பூர்க்காரன் மாட்டுவான். ஒரு டீ-சர்ட்டைக்கூடப் பாலிபேக்கில் போடாமல் அனுப்பத் தெரியாத ஊர் நம்முடையது. வீட்டுக்கு வீடு பேக்கிங் செக்‌ஷனில் மிஞ்சிய கவர் கட்டுக்கட்டாகக் கிடக்கும். புளிசாதம் ஒரு கவர், முறுக்கு ஒரு கவர், ஈரத்துண்டு ஒரு கவர். செக்போஸ்ட்டில் அத்தனையும் வெளியே வந்துவிடும். சின்னத் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் தூக்குப்போசியும் கூஜாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறு தாண்டிக் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவு, பிள்ளைகள் வாந்தி எடுக்க என்ன செய்வது என்று கேட்பீர்கள். கட்டிங் வேஸ்ட் எதற்கு இருக்கிறது? ஒரு மஞ்சப்பை நிறைய அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திப் பூரி வாங்கிக் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. இதையும் வருஷா வருஷம் சொல்கிறேன். வருஷா வருஷம் பூரிக்குக் காசு கொடுப்பதும் நான்தான்.

சீசன் நாளில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். வரும்போது காரட் வாங்கிக்கொள்ளலாம் என்று குன்னூர்ப் பக்கம் கடை பார்த்து வைக்காதீர்கள், அந்த வழியில் திரும்பி வர மாட்டீர்கள்.

மலை ரயிலைப் பற்றி நிறையச் சொல்வேன், ஏறத்தான் டிக்கெட் கிடைப்பதில்லை. 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். மேட்டுப்பாளையத்தில் கிடைக்காவிட்டால் குன்னூரிலிருந்து ஊட்டிக்காவது ஏறிப் பாருங்கள், அதில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி குளிர். திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் சுமார் பன்னிரண்டரை டிகிரி குறையும். டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி. ஐரோப்பாக்காரனின் குளிருக்கு 280 ஜிஎஸ்எம் கனமுள்ள ஃப்ளீஸில் ஹூடி தைத்துக் கொடுத்தவன் நான். ஆனால் என் பீரோவில் இருப்பது 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. அதைப் போட்டுக்கொண்டு தொட்டபெட்டாவில் நின்றால் ஜிஎஸ்எம் என்றால் என்னவென்று எலும்புக்கே புரியும்.

அதற்குப் பிறகு செக்கிங் டேபிளில் கழித்த ஹூடிகளைக் கொண்டுவந்து குடும்பத்துக்கே போட்டுவிட்டேன். எல்லாம் ஒரே நிறம், பிரிண்ட் லேசாகக் கோணல், எனக்கு மட்டும் இடது கை இரண்டு அங்குலம் நீளம். இதில் ஒரு சௌகரியம், தாவரவியல் பூங்காக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைய மாட்டார்கள். ஓர் அசௌகரியமும் உண்டு. அதே ஆர்டரில் ஜாப் ஒர்க் எடுத்த இன்னொரு கம்பெனிக்காரர் குடும்பமும் அன்றைக்கு அதே ஹூடியில் பூங்காவுக்கு வந்திருந்தது. வீட்டுக்காரி, "ஏனுங்க, இந்தப் பையன் யாருங்க?" என்று கேட்கும்போது அவன் எங்கள் காரட்டைப் பாதி தின்று முடித்திருந்தான்.

கடைசியாக, ரோட்டோரத் துணிக்கடை. பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்தப் பக்கம் நடக்காதீர்கள். நான் நடந்தேன். கடைக்காரர் ஒரு ஹூடிக்கு 900 என்றார். விடுவேனா? வாங்கி உள்பக்கம் திருப்பி, ஓவர்லாக்கைத் தடவி, கழுத்து ரிப்பை இழுத்துப் பார்த்து, "இதெல்லாம் காதர்பேட்டையில் 250க்குக் கொட்டிக் கிடக்குதுங்க" என்றேன்.

"காதர்பேட்டையில இருந்துதானுங்கண்ணா எடுத்துட்டு வர்றேன். உங்களுக்குத் திருப்பூருங்களா?"

"கரூருங்க" என்றேன்.

மூத்தவளுக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று. இரண்டும் சேர்த்து 1,700.