வாட் வாங்கும் வியாதி

வீட்டில் லேசர் ஷோ காட்டும் பொழுதுபோக்குக்காரர்களை ஒரு வியாதி பிடிக்காமல் விடாது. வாங்கிய புதிதில் லேசர் சுவரில் வரைந்து ஜொலித்த பூ திடீரென்று சோகை பிடித்ததுபோல் தெரியும். உள்ளே இருக்கும் 100 மில்லிவாட் லேசரைக் கழற்றிவிட்டு 1 வாட்டை மாட்டினால் பூ பத்து மடங்கு பிரகாசிக்குமே என்று மனசு கணக்குப் போடும். மீட்டர் வைத்து அளந்தால் பத்து மடங்குதான். ஆனால் கண் மகா கருமி. எட்டு மடங்கு வெளிச்சத்தைக் கொட்டினாலும், ‘ஏதோ இரண்டு மடங்கு இருக்கும்’ என்றுதான் ரசீது போடும். அதிலும் நிறத்துக்கு நிறம் ஓரவஞ்சனை. 532 நானோமீட்டர் பச்சை என்றால் அதற்கு உயிர். 445 நானோமீட்டர் நீலமோ மாற்றாந்தாய்ப் பிள்ளை: 1 வாட் நீலம் வந்து நின்றாலும், கண் கொடுக்கும் மதிப்பு ஏறக்குறைய 35 மில்லிவாட் பச்சைக்கு உரியது. இது தெரிந்தும், 2010 வாக்கில் காசியோவின் வீடியோ புரொஜெக்டர்களை வாங்கி உடைத்து, உள்ளே இருந்த 24 நீல டயோடுகளையும் பிடுங்கியவர்கள் உண்டு. புரொஜெக்டரைக் கொன்று புரொஜெக்டர் செய்த புண்ணியம்!

1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் கோளரங்கத்தில் ஐவன் டிரையர் ‘லேசேரியம்’ காட்சியைத் தொடங்கியபோது, கையில் இருந்தது 1 வாட் கிரிப்டான் லேசர். அதையும் நாலு நிறமாகப் பிரித்து, குவிமாடம் முழுக்க இறைத்தார்; கூட்டம் வாய் பிளந்தது. கோளரங்கம் அவருக்குக் கொடுத்த சீதனம் கும்மிருட்டு. நம் ஆட்களோ பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அதே 1 வாட் போதாது என்கிறார்கள், அதுவும் டியூப்லைட்டை எரியவிட்டுக்கொண்டு.

லேசர் ஷோ பெட்டிக்குள்ளே படம் வரைவது லேசர் அல்ல, கால்வனோமீட்டர் என்னும் குட்டி மோட்டாரின் முனையில் ஆடும் இரண்டு குட்டிக் கண்ணாடிகள். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியவை. அதிக வாட் தரும் மல்டிமோட் டயோடின் கற்றை பட்டையாக, தடியாக வரும். விருந்தாளி பெருத்துவிட்டார், வாசல் பெருக்கவில்லை. கண்ணாடியில் அடங்காத வெளிச்சம் பெட்டியின் உட்சுவரில் மோதிச் சூடாகும், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிகளின் வேகத்தைப் பார்க்க ஒரு சோதனைப் படம் இருக்கிறது. அதில் வட்டம் சதுரத்துக்குள் நாலு பக்கமும் உரசி உட்கார வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கணினித் தரவில் அந்த வட்டம் சதுரத்தைவிடப் பெரியது. கண்ணாடி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சற்றே பின்தங்குவதால்தான் அது சுருங்கிச் சரியாகப் பொருந்துகிறது. சோம்பலுக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்! இதைச் சரிசெய்யாமல் லேசரை மட்டும் மாற்றினால், கோணல் பூ கோணலாகவே ஜொலிக்கும்.

சிவப்பு நிஜமாகவே மங்கல்தானே என்று கேட்டால், ஆமாம். அதற்கு மருந்து வாட் அல்ல. 650 நானோமீட்டர் டயோடுக்குப் பதிலாக 638 போட்டால், அதே வாட்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். திறந்தவெளிக்கு வாட் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அதற்கு முன் கற்றை பட்டுத் தெரிவதற்குக் கொஞ்சம் புகை வேண்டும். புகை மெஷின் வாங்கச் சொன்னால் ஏனோ முகம் வாடிவிடுகிறது. நண்பரிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள அதில் வாட் கணக்கு இல்லையே.

பெருமையடிக்கும் அந்தக் கணக்கில் ஒரு கோடு உண்டு. 500 மில்லிவாட்டைத் தாண்டினால், லேசர் ஆபத்து வரிசையில் பொருள் நாலாம் வகுப்பு. கண் சிமிட்டும் கால் நொடிக்குள் விழித்திரை வெந்துவிடும். 2008-ல் மாஸ்கோவுக்கு அப்பால் கிர்ஷாச் அருகே ஒரு நடனவிழாவில் மழை வந்ததால் கூடாரம் போட்டார்கள். வானத்தில் ஓட வேண்டிய லேசர் கூட்டத்தின் முகத்தில் ஓடி, பலருடைய பார்வை பழுதானது. நாங்கள் சுவரைப் பார்த்துத்தானே அடிக்கிறோம் என்பார்கள் நம் ஆட்கள். சுவரை ஒட்டி ஒரு பீரோ நிற்கிறது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி.