பேஸ் கிட்டாருக்குப் புதுச்சட்டை

மின் பேஸ் கிட்டாரின் பழைய பெயிண்ட்டை உரித்துப் புதிதாகப் பூசுவதில் ஐந்து கட்டங்கள் உண்டு: கழற்றுதல், உரித்தல், தேய்த்தல், பூசுதல், மாட்டுதல். திருத்தணி அருகே கே.ஜி.கண்டிகையில் வீட்டு வாசலில் செய்தால் ஆறாவதும் சேரும்: “இது வீணையா?” என்று தமிழிலும் தெலுங்கிலும் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லுதல். இது முதலில் தொடங்கிக் கடைசியில் முடியும்.

1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் அமைப்பே பெரும்பாலான பேஸ்களுக்கு முன்மாதிரி: கெட்டி மரக்கட்டை, ஸ்க்ரூ போட்டு முடுக்கிய கழுத்து, நான்கு தந்தி. தந்திகளைத் தளர்த்திய பிறகே கழுத்தைக் கழற்ற வேண்டும். ஒயர்களைப் பிரிக்குமுன் செல்போனில் படம் எடுப்பது மரபு. மாட்டும் நாளில் அது காதுகுத்துப் படங்களுக்கிடையே காணாமல் போவதும் மரபே.

உரிக்குமுன் மறைவான ஓரிடத்தில் தின்னர் தொட்ட துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்றால் இளகும். பாலியஸ்டர் என்றால் அசையாது. அசையாததை ஹீட் கன்னால் சூடாக்கி, பட்டி பிளேடால் நெம்ப வேண்டும். புகை ஆகாது என்பதால் வேலையைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அதுவே வசதி. அடியில் ஒரே பலகை இருக்கும் என்று நம்புவது மனித இயல்பு. மூன்று துண்டுகளை ஒட்டி, பட்டி பார்த்து, மேலே கறுப்படித்து அனுப்புவது தொழிற்சாலை இயல்பு.

அடுத்தது உப்புத்தாள். 80-இல் தொடங்கி 120, 180, 220, 320 என்று மர இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். திருத்தணி மலையின் 365 படிகளைப் போலத்தான் இதுவும். தாவி ஏறினால் பின்னால் தெரியும். கழுத்து உட்காரும் குழியை மட்டும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கழுத்து ஆடும்.

பூச்சில் இரு கட்சிகள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ் ஆசாரியின் கட்சி. ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் டூக்கோ லாக்கர், கார் பெயிண்டரின் கட்சி. வரலாறு பெயிண்டர் பக்கம் சாய்கிறது. ஃபெண்டரின் சிறப்பு வண்ணங்கள் பலவும் கார் வண்ணங்களே. ‘லேக் ப்ளாசிட் ப்ளூ’ 1958-ஆம் ஆண்டு கெடிலாக்கின் நிறம். ஆனால் ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெளுத்துவிடும். நன்றாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை யாரும் தொடாதிருக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்காமல் போகும் விருந்தாளி அபூர்வம். அவர் ரேகை லாக்கரில் நிலைத்துவிடும்.

மாட்டும்போது பிரிட்ஜுக்கு அடியில் வரும் எர்த் ஒயரை மறந்தால் ஆம்ப் இரையும். எல்லாம் மாட்டிய பின் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். தந்தியின் அதிர்வைப் பிடிப்பவை பிக்கப்பின் காந்தமும் செம்புச் சுருளும். இதில் பெயிண்ட்டின் பங்கு மிகச் சொற்பம். எனினும் வேலை முடிந்ததும் புதுத் தந்தி போடுவது வழக்கம். ஒலி பளிச்சென்று மாறும். பாராட்டு முழுவதும் பெயிண்ட்டுக்குப் போகும்.