குடவோலையும் கான்வென்ட்டும்: உத்திரமேரூர் வட்டாரத்துத் தங்கச் சங்கிலிகளின் ஜூன் மாத இடப்பெயர்ச்சி குறித்து ஓர் ஆய்வு

முதலில் ஆய்வாளரின் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். நான் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவன் அல்லன். உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளன். என் ஆய்வுக்கூடம் ஒரு மேசை. ஓர் உரைகல், ஒரு சின்னக் குப்பியில் அமிலம், ஒரு தராசு, ஒரு பூதக்கண்ணாடி, இவ்வளவுதான் கருவிகள். கல்வியாளர்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கல்வியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் கழுத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

ஆய்வுச் சிக்கல் இதுதான். நவம்பர் வந்தால் பக்கத்து வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருவதுபோல, மே கடைசியில் என் மேசைக்குச் சங்கிலிகள் வருகின்றன. பறவைகள் கோடையில் திரும்பிப் போய்விடும். சங்கிலிகளைப் பற்றி அப்படி உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை. விதைநெல்லுக்கு வந்த சங்கிலியா, வளைகாப்புக்கு வந்த சங்கிலியா, பள்ளிக்கூடத்துக்கு வந்த சங்கிலியா என்பதை எடை போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். விதைநெல்லுக்கு வருகிறவர் ஆண், அவசரமாக வருவார். பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர் பெண். கையில் மஞ்சள் பையும், அதற்குள் எட்டாக மடித்த ஒரு சுற்றறிக்கையும் இருக்கும். சங்கிலியைக் கழற்றும்போது வெறுங்கழுத்து தெரியாமலிருக்க முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வார்.

அடுத்து, கலைச்சொல் விளக்கம். அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கிய ஆண்டு 1842. அவர்கள் தங்கிய மடத்துக்குப் பெயர் கான்வென்ட். மடத்தை ஒட்டிப் பள்ளி நடந்ததால் பள்ளிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு சொல் மடத்தை விட்டுவிட்டுத் தனியே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் பிள்ளையார் பெயரில் கான்வென்ட் உண்டு, முருகன் பெயரில் உண்டு, கட்சித் தலைவரின் தாயார் பெயரிலும் உண்டு. டை கட்டிய குழந்தையும் மஞ்சள் வேனும் இருந்தால் அது கான்வென்ட். குழப்பம் தவிர்க்க, வாசலில் மாதா சொரூபமும் உள்ளே சிஸ்டரோ ஃபாதரோ உள்ள பள்ளியையே இக்கட்டுரை அப்படி அழைக்கிறது. என் மாமனார் இந்த வரையறையை ஏற்கவில்லை. காஞ்சிபுரம் ஆண்டர்சன் பள்ளியும் செங்கல்பட்டு புனித கொலம்பா பள்ளியும் ஸ்காட்லாந்துப் புராட்டஸ்டண்ட் மிஷன் வழிவந்தவை என்று எவ்வளவு சொல்லியும், "சிலுவை கீதா, இல்லியா? அத சொல்லு" என்று முடித்துவிட்டார். செங்கல்பட்டு கத்தோலிக்க மறைமாவட்டம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002இல் தனியாகப் பிரிந்தது என்ற தகவலும் அவரை அசைக்கவில்லை.

ஏன் இந்தப் பள்ளி? முதல் கருதுகோள், ஆங்கிலம். ஆங்கிலம்தான் எல்லா மெட்ரிக் பள்ளியிலும் இருக்கிறதே, விழுந்தது. இரண்டாவது, மதம். என் மேசைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் நெற்றியில் குங்குமத்தோடு வருகிறவர்கள். அவர்கள் மேல்மலையனூருக்குப் போகிற அதே பக்தியோடு அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவிடமும் போவார்கள். இரு தரப்பிலும் ஆட்சேபணை வந்ததில்லை. பிள்ளைகளோ, கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் நன்னெறி வகுப்பில் உட்கார்ந்து, பொய் சொல்லக் கூடாது என்று படித்துவிட்டு வருகிறார்கள். ஆகவே மதமும் விழுந்தது.

மூன்றாவது கருதுகோளை ஒரு காதணி தந்தது. இரண்டு பவுன் ஜிமிக்கி. கல் எடை கழித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த அம்மாவிடம் ஆய்வு ஆர்வத்தில் கேட்டேன்: "ஏம்மா, உங்க ஊர்லயே ஸ்கூல் இருக்குதே, அங்க என்ன கொறச்சல்?"

"கொறச்சல்லாம் ஒண்ணும் இல்ல சார். இங்க கண்டிப்பு."

"அடிப்பாங்களா?"

"அடிக்கல்லாம் மாட்டாங்க சார். சிஸ்டர் சும்மா பாப்பாங்க. அதுவே போதும்."

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் தடை செய்கிறது. பார்ப்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தாய்மார்கள் ஜிமிக்கியை வைத்து வாங்குவது அந்தப் பார்வையைத்தான். தாங்கள் வயலிலோ, ஒரகடம் கம்பெனி வேனிலோ இருக்கும் எட்டு மணி நேரத்துக்குப் பிள்ளை மேல் இன்னொரு பெண்ணின் கண் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் குத்தகை. இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இது என்பதால், அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் எழுந்துகொள்ளலாம்.

மற்றவர்கள் என்னோடு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வர வேண்டும். உத்திரமேரூரில் எந்த ஆய்வும் அங்கே போகாமல் முடிந்ததாகச் சரித்திரமில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் அந்த மண்டபச் சுவரில் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அவை சொல்கின்றன. ஊர் 30 குடும்பாக, அதாவது பகுதிகளாக, பிரிந்திருந்தது. வாரியத்துக்கு வருகிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதத் தெரிந்திருப்பது போதாது, ஓதுவிக்கவும் தெரிய வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாடியமும் விளக்கத் தெரிந்தவனுக்கு நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் சரி. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் சிற்றப்பன் பெரியப்பன் மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று நீளும் உறவுக்காரர் பட்டியலுக்கும் இடமில்லை.

இதை வாசித்தபோது எனக்கு வியர்த்தது. ஏனென்றால் என் மூத்த மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது எங்களுக்கு நடந்த நேர்காணல் இதே வரிசையில்தான் நடந்தது. (ஆய்வு நெறி கருதிப் பள்ளியின் பெயர் மறைக்கப்படுகிறது. தவிர, என் இளையவன் இன்னும் அங்கேதான் படிக்கிறான்.) அப்பாவுக்கு என்ன வேலை, நிரந்தரமா, அதாவது கால் வேலி. சொந்த வீடா, வாடகையா, அதாவது மனை. வேன் நிறுத்தத்தில் யார் வந்து நிற்பார்கள். தாத்தா என்றோம், வயது கேட்டார்கள், 68 என்றோம், வரம்புக்குள் இருந்தார். "வீட்ல ஹோம் வொர்க் யார் சொல்லிக் குடுப்பீங்க?" என்பது ஓதுவிக்கும் திறன். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "நான் பி.எஸ்சி. மேத்ஸ், சிஸ்டர்" என்றாள். அதற்குப் பிறகு என் சம்பளத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அரைக்கால் வேலி விதி 1100 ஆண்டு கழித்தும் நடைமுறையில் இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குழந்தையிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "உன் பேர் என்ன?" அவள் பதில் சொல்லாமல் மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பக்தி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

பழங்காலத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. அந்தச் சபை பிராமணர் சபை. பெண்ணுக்கும் பிற சாதியாருக்கும் அந்தப் பானையில் ஓலை கிடையாது. ஓலையே இல்லாதிருந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று அந்தப் பள்ளியின் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நானே கண்டேன். ஆனால் சீட்டு எடுத்த விதம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊர் முழுக்கக் கூடியிருக்கும். கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பான். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலை மாறிவிடும் என்று அன்றே தெரிந்திருக்கிறது. என் தொழிலில் நானும் நகையை விரித்த கையில்தான் வாங்குகிறேன்; காரணமும் அதேதான்.

இந்தக் குலுக்கல் இன்றும் செத்துவிடவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு விட வேண்டும். விண்ணப்பம் மிஞ்சினால் குலுக்கல். குடவோலையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்க்காரன் என்ற உரிமையில் நானும் துள்ளிக் குதித்தேன். ஆனால் 2014 மே 6 அன்று, பிரமதி அறக்கட்டளை வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அரசமைப்பின் 30ஆம் பிரிவு அவர்களுக்குத் தனி உரிமை தருகிறது. ஆக, பிள்ளையார் பெயரில் உள்ள கான்வென்ட்டில் பானை உண்டு, மாதா இருக்கும் கான்வென்ட்டில் பானை இல்லை. பெற்றோரை நேர்காணக் கூடாது என்று அதே சட்டம் போட்ட தடையும் அங்கே செல்லாது. என் மனைவி தேர்வு எழுதியது சட்டப்படிதான்.

இனி, கட்டணம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு உண்டு. குழு நிர்ணயித்த தொகையை நான் பார்த்திருக்கிறேன், நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நீதிபதி வேனில் ஏறுவதில்லை, ஷூ வாங்குவதில்லை, இருபத்தெட்டு நோட்டுக்கு அட்டை போடுவதில்லை. என் வீட்டுக் கணக்கில் வேன் கட்டணம் டியூஷன் ஃபீஸை மூச்சிரைக்கத் துரத்திக்கொண்டு வருகிறது. அநேகமாக ஐந்தாம் வகுப்பில் பிடித்துவிடும்.

இங்கே ஒரு விநோதம். கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளி நடக்கிறது. ஒன்று அரசு உதவிபெறும் தமிழ்வழி: ஆசிரியர் சம்பளம் அரசுடையது, மதியம் சத்துணவு. 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில் தொடங்கி ஊரகத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்ற திட்டம் முதலில் அரசுப் பள்ளிக்கு. பின்னர் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிக்கும். மற்றது சுயநிதி ஆங்கிலவழி: அதே மாதா, அதே மணி, அதே பார்வை, ஆனால் சங்கிலி தேவை. அரசுப் பள்ளியிலேயே விட்டுவிட்டால் மருத்துவ இடத்தில் 2020இன் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் கூட்டிக் கழித்து, அடியில் கோடு போட்டு, என் மனைவியிடம் காட்டினேன். அவள் கணக்குப் பட்டதாரி. கூட்டல் சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

"அப்புறம் என்ன?"

"நீங்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிருந்தா இந்தக் கணக்கு போட்டிருக்க மாட்டீங்க."

இதற்கு ஆய்வுலகில் மறுப்பு கிடையாது.

சொந்தச் சங்கிலியைச் சொந்த மேசையில் நானே எடை போடுவது முறையாகாது. கல்வெட்டு சொல்லும் உறவினர் விதியை நான் மதிக்கிறேன். ஆகையால் ஜூன் முதல் வாரத்தில் முகம் தெரியாத அடுத்த ஊர் சேட்டுக் கடைக்குப் போவேன். போன ஜூனில் அவர் என் மனைவியின் சங்கிலியை வாங்கி, உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் தொட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கொக்கியை நகத்தால் தட்டினார். "பத்தவச்சது ஜாஸ்தி, சார். அரை கிராம் கழிக்கணும்." பத்தொன்பது ஆண்டு அனுபவமுள்ள மதிப்பீட்டாளன், தானே உரசிப் பார்த்து வாங்கிய சங்கிலி அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொக்கியை நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அடகு ஏன் ஜூனில் விழுகிறது என்பதற்கு விடை வயலில் கிடைக்கிறது. நவரை நெல் ஏப்ரலில் அறுத்தாயிற்று. அந்தப் பணம் உரக்கடை பாக்கிக்கும் சித்திரை மாதத்துக் காதுகுத்துக்கும் போயிற்று. அடுத்த போகம் அப்போதுதான் கதிர் தள்ளிக்கொண்டிருக்கும். பள்ளியோ, போகம் பார்த்துத் திறப்பதில்லை.

கட்டுரையை முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். அரைக்கால் வேலி வந்த இடத்தில் சிரித்தாள். கொக்கி வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரி. சங்கிலி எப்ப வரும்?"

ஆடி ஆவணியில் அறுக்கும் போகத்துக்கு எங்கள் பக்கத்தில் பெயர் சொர்ணவாரி. "சொர்ணவாரி அறுத்ததும்" என்றேன்.

"எந்த வருஷத்து சொர்ணவாரி?" என்றாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. பதிலுக்குக் காத்திராமல் இளையவனின் டையைத் தேடப் போய்விட்டாள்.